மன்றம் என்பது மரத்தடியே

(தஞ்சையில் தெருவினர் கூடிய மாலைக் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டத்திற்கு என்னை அழைக்க வந்த இளைஞர்களிடம், "தெருவில் மரம் வளர்ப்பதைப் பற்றிப் பேசுதற்குத் தமிழாசிரியன் எதற்கப்பா? வேளாண்துறையில் நல்லறிஞர் பலர் உளரே, அவருள் ஒருவரை அழையுங்கள்" என்றேன். வந்தவருள் ஒருவன் என் பழைய மாணவன். "ஒன்பதாம் வகுப்பில் எங்களை ஆத்தி இலை தேடி ஓடவிட்டவர் நீங்கள்தாமே ஐயா!" என்றான். அதற்குமேல் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அக்கதையை முதலில் சொல்லிவிடுகின்றேன். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ என்று மூவேந்தர் சூடிய பூக்களை நம் பிள்ளைகள் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதிவிடுவர். முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுவர். ஒருநாள் வகுப்பில், "நாளைக்கு ஆளுக்கோர் ஆத்தி இலை கொண்டுவாருங்கள்" என்றேன். மறுநாள் பாதிப் பிள்ளைகள் அகத்திக் கீரையோடு வந்து நின்றனர். இருவர் மந்தாரை இலை கொண்டுவந்திருந்தனர். அஃது ஆத்திக்கு உறவுமரம் ஆகையால் அவ்விருவரையும் பாராட்டினேன். ஆத்தி இலை ஒருவர் கையிலும் இல்லை. அப்பொழுது ஒரு சிறுமி எழுந்து, "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா ஐயா?" என்றாள். சோழர் தலைநகராயிருந்த ஊரில், தமிழைக் கற்பித்தே சோறுண்ணும் நான், சோழன் சூடிய பூவை அந்நாள்வரை கண்ணால் கண்டதில்லை. வகுப்பிலேயே அதை ஒப்புக்கொண்டேன்.

சொல் இருக்கின்றது, பொருள் போய்விட்டது. அயற்சொற் களைகளினின்று தமிழைக் காத்தல் வேண்டும் என்பதில் நம்மினும் உறுதியுடையார் இலர். மரம் என்னும் மூன்றெழுத்துச் சொல் கையிலிருக்க, 'விருட்சம்' என்று எழுதிய பலகைகளை இத்தஞ்சையிலேயே கண்டு நாம் நெஞ்சு கொதிக்கின்றோம், கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் அப்பலகைக்குப் பின்னே மரம் உண்டா என்றும் எட்டிப் பார்க்கவேண்டும் அல்லவா? பொருள் நிலத்தினின்று மறைந்தபின் சொல்லைமட்டும் காத்து வைத்திருப்பது, நெல்லைப் போகவிட்டுப் பதரைப் பத்தாயத்தில் இட்டுப் பூட்டுவது போன்றது.

நாம் வாழும் இந்நிலத்திற்கு மருதம் என்று பெயர். அது நெல்லால் வந்த பெயரன்று. ஆற்றங்கரையில் ஓங்கி நின்ற மருத மரத்தால் வந்த பெயர். நம் ஊர்ப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கும்பகோணத்திற்குக் கிழக்கே இடைமருதூர்; இங்கிருந்து கூப்பிடு தொலைவில் புன்னைநல்லூர்; அப்பால் திருப்பனந்தாள், வேப்பத்தூர், நெல்லிக்கா. ஓர் ஊரைச் சுட்டவேண்டுமாயின் அங்கு நின்ற மரத்தைச் சுட்டினாலே போதும் என்றிருந்த காலம் அது. நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. தாங்கள் விளையாட்டாய்ப் புதைத்த புன்னை விதை முளைத்து மரமாகி நிற்க, அதனை 'உங்கள் தங்கை' என்று தாய் சொல்லி வைத்தாளாம். ஆகவே அதன் நிழலில் நின்று உம்மோடு சிரித்துப் பேச நாணுகின்றோம் என்று தலைவனிடம் சொல்கின்றாள் தோழி. மரத்தோடு உறவுமுறை சொல்லிக்கொண்ட கூட்டம் நாம். இன்றோ மனைப்பிரிவுக்குப் பெயரிடுகையில் எந்த அரசியல் தலைவர் பெயரை இடுவது என்பதில்தான் போட்டி நடக்கின்றது. நெல்வயலைத் தூர்த்து, நேர்க்கோட்டில் கல் நட்டு, 'நகர்' என்று பெயரிட்டு விற்ற அந்த மனைப்பிரிவுகளில் ஒன்றில்தான் நானும் வாழ்கின்றேன். உங்களுள் பெரும்பாலோரும் அவ்வாறே.

கத்திரி வெயில் நாள்களில் பிற்பகலில் எங்கள் தெருவில் நாய்கூட நடவாது. அதுகூடப் பொறுக்கலாம், இரவைத்தான் பொறுக்கமுடிவதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கற்காரைச் சுவரும் தார்ச்சாலையும் இரவெல்லாம் அதனைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. நாட்டோடும் சுண்ணாம்புச் சுவரும் முற்றமும் இருந்த வீடுகளில் நம் பாட்டன்மார் திண்ணையில் படுத்துறங்கினர். இன்று நாம் கதவடைத்துக் குளிரூட்டியை இயக்குகின்றோம். அது நம் அறையின் வெம்மையை அள்ளி எங்கே கொட்டுகின்றது? தெருவில் கொட்டுகின்றது, அடுத்த வீட்டுப் பலகணிமீது கொட்டுகின்றது. குளிரூட்டி வாங்க வகையற்ற அடுத்த வீட்டான், தன் வெம்மையோடு நம் வெம்மையையும் சேர்த்துச் சுமக்கின்றான். இதில் உள்ள முறையின்மையை ஒருவரும் பேசுவதில்லை.

மரம் செய்வது இதற்கு நேர்மாறானது. மண்பானையை எல்லாரும் அறிவீர். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்பொழுது பானையின் வெம்மையையும் உடன்கொண்டு போகின்றது; உள்ளிருக்கும் நீர் தண்ணென்றாகின்றது. மரத்தின் இலையும் அவ்வாறே நீரைக் கசியவிட்டுக் காற்றைக் குளிரச் செய்கின்றது. ஓர் இலிட்டர் நீர் ஆவியாவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் தெரியுமா? குழாயில் பிடித்த எட்டு இலிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் வேண்டும்! அத்துணை வெம்மையையும் மின்கட்டணம் இன்றி நம் தெருவினின்று மரம் வெளியேற்றுகின்றது. அதன் நிழலோ தனி. நிழல்படும் தரையும் கூரையும், வெயில்படுபவற்றைவிட 11 முதல் 25 செல்சியசு பாகை வரை வெம்மை குறைந்திருக்கும் என்று அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் காப்பு முகமை கணித்திருக்கின்றது. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டு மெதெயின் நகரில் 2016-இல் தொடங்கிச் சாலையோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் முப்பது பசுமைத் தடங்களை அமைத்தனர். அவ்விடங்களில் வெப்பம் ஏறத்தாழ 2 பாகை தணிந்தது. அங்கே செடிகளைப் பேணும் பணிக்கு வறிய குடும்பத்தினரையே தேர்ந்து பயிற்சி தந்தனர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் அறிந்த நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. என் வீட்டு வாயிலில் ஒரு புங்கமரம் நின்றது. என் அன்னையார் நட்டது. 2006-ஆம் ஆண்டில் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கினேன். அதை உள்ளே ஏற்றச் சாய்தளம் கட்டவேண்டும் என்று புங்கமரத்தை வெட்டுவித்தேன். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. அம்மர நிழலில் ஒரு முறத்தோடு அமர்ந்து கீரை ஆய்வது அவர் வழக்கம். எதிர்வீட்டு ஆச்சியும் பின்தெரு அம்மையார் இருவரும் வந்து அமர்வர். அங்கே ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் நடக்கும். மரம் போனபின் அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். உள்ளறைக்கு அவர்கள் எவ்வாறு வருவர்? மாதக்கணக்கில் ஒருவரையொருவர் காணாதிருந்தனர். ஏழாண்டு கழித்து அன்னையார் மறைந்தபொழுது, எதிர்வீட்டு ஆச்சி என்னிடம், "உன் வீட்டு வாசலுக்கு வந்து எத்தனை நாளாச்சு தம்பி!" என்றார். வெம்மையைமட்டுமே நான் விலைக்கு வாங்கினேன் என்று அதுகாறும் எண்ணியிருந்தேன்.

நிற்க. மரம் வளர்ப்பது அரசின் வேலை, நாம் வரி செலுத்துகின்றோம், அவர்கள் நடட்டும் என்பார் உளர். அரசு நடட்டும், வேண்டாம் என்பார் யார்? தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியிருக்கின்றனர், நன்று. ஆயின் நடுவது ஒருநாள் வேலை, காப்பது மூவாண்டு வேலை. அலுவலகத்தார் நடுவதற்கு வருவர். சித்திரைத் திங்கள் பிற்பகலில் நீரூற்ற வாரார். எங்கள் தெருவிலும் ஒருமுறை வந்தனர். சூன் 5-ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளாம். இருபது கன்றுகள், இருபது இரும்புக்கூண்டுகள், ஒளிப்படக்காரர் இருவர். பொங்கலுக்குள் கன்றுகள் அனைத்தும் பட்டுப்போயின. அடுத்த பொங்கலுக்குள் கூண்டுகளையும் காணவில்லை. எவரையும் நான் குறைகூறவில்லை. ஆனால் சூன் திங்களில் இங்கே மரம் நடச் சொன்னவர் யார்? அது தென்மேற்குப் பருவக்காற்றால் மழைபெறும் நாட்டார்க்கு உரிய நாள். நம் காவிரிப் படுகைக்கு ஆண்டுமழையில் பாதிக்குமேல் ஐப்பசி கார்த்திகையில்தான் பெய்கின்றது. நாற்று விடும் உழவனைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பான்.

மரங்காத்தலை ஊரார் தம் பொறுப்பாகக் கொள்ளுதல் நமக்குப் புதியதன்று. காஞ்சிக்கு அண்மையில் உள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எல்லாரும் குடவோலைக்காகப் பேசுகின்றோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலை எடுத்து, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தனர். எந்தெந்த வாரியம் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஏரி வாரியத்திற்கு அறுவர். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர்! ஊர்த் தோட்டங்களைப் பார்ப்பதற்கென்றே பன்னிருவர், முந்நூற்று அறுபது நாள் பொறுப்பேற்றனர். கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி அவன் உறவினரையும் அடுத்த தேர்வினின்று விலக்கினர். இன்று அவ்விதியைக் கொண்டுவந்தால் எத்துணைப் பேர் எஞ்சுவர் என்பதை உங்கள் கணக்கிற்கே விட்டுவிடுகின்றேன். அந்த ஏற்பாட்டில் குறையும் இருந்தது. நிலமும் மனையும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அவ்வாரியங்களில் இடம். உழுதவனுக்கும் நீர் இறைத்தவளுக்கும் இல்லை. பெருமையை எடுத்துக்கொள்வோர் அக்குறையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளவேண்டும்.

இதே தஞ்சையில், சேவப்பநாயக்கன் ஏரியில் சேரும் மழைநீர் சிவகங்கைக் குளத்திற்கும், அங்கிருந்து நிலத்தடி வழியே ஐயன் குளத்திற்கும் சாமந்தான் குளத்திற்கும் செல்லுமாறு முன்னோர் அமைத்திருந்தனர். ஊர் குளிர்வதற்கு மரம்மட்டும் போதாது, நீரும் வேண்டும் என்று அறிந்த அறிவு அது. இடையில் பல்லாண்டு அவை குப்பைமேடாய்க் கிடந்து, அண்மையில்தான் மாநகராட்சி அக்குளங்களைச் சீர்செய்தது. கரைகளில் நடைபாதை போட்டிருக்கின்றார்கள், விளக்கும் உண்டு. நிழல் இன்னும் போதாது.

மக்கள் தாமே முன்வந்து செய்த செயல்களுக்கு இக்காலத்திலும் சான்று உண்டு. சென்னையில் 'நிழல்' என்றோர் அமைப்பு 2005-இல் தோன்றியது. பெயரைக் கேட்டீர்களா? இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கோத்துக் கட்டாமல், நிழல் என்று தூய தமிழில் இட்ட பெயர்! அவர்கள் கோட்டூர்புரத்தில் அடையாற்றின் அருகே குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித்துறை நிலத்தை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மக்களோடு சேர்ந்து, 2006 முதல் அதை மரப்பூங்காவாக ஆக்கினர். நட்டவை நம் மண்ணுக்குரிய மரங்கள். ஞாயிறுதோறும் விருப்பத்தொண்டர் கூடி வேலை செய்தனர். அங்கே கூடுவோருள் பலர் ஒரே பகுதியில் பல்லாண்டு வாழ்ந்தும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருந்தவராகத்தான் இருப்பர். பெருநகர வாழ்க்கை அத்தகையது. சாலை மரங்களில் விளம்பரத்துக்காக அடித்த ஆணிகளைப் பிடுங்குவதும், அடிமரத்தைக் கழுத்தை நெரிப்பதுபோல் சுற்றிப் போட்ட கற்காரையை உடைத்து மண்ணுக்கு மூச்சு விடுவதும் அவர்கள் செய்த பிற வேலைகள். தஞ்சையில் எத்தனை மரங்களில் ஆணி இருக்கின்றது என்று நாளைக் காலை நடக்கும்பொழுது எண்ணிப் பாருங்கள். நீட் பயிற்சிக்கும் மனை விற்பனைக்கும் மரந்தான் சுவரொட்டிப் பலகை.

சென்னைவரை போவானேன்? நம் மாவட்டத்தின் தென்கோடியில் பேராவூரணி இருக்கின்றது. கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருமிடம், பல ஆண்டுகளில் போய்ச் சேராத இடம். 2018 நவம்பர் 16 விடியலில் கசா புயல் அடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. பிள்ளையைப்போல் வளர்த்த மரம் வேரோடு கிடப்பதைக் கண்டு ஆடவர் வாய்விட்டு அழுத நாள்கள் அவை. பனைகள் பெரும்பாலும் நின்றன. அப்புயலின்பின் அப்பகுதி இளைஞர்கள் உழவரோடு சேர்ந்து கடைமடை உழவர்க்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 'கைபா' என்று சுருக்கி அழைக்கின்றனர். 2019-இல் பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரத் தொடங்கினர். 564 ஏக்கர் பரப்புள்ள குளம்! அலுவலக ஆணைக்குக் காத்திராமல், ஊராரிடம் பணம் திரட்டிக் கரையைக் கட்டினர். வெளிநாட்டில் வேலைபார்ப்போர் பணம் அனுப்பினர். ஊருக்குள் உள்ளவர் உழைப்பைத் தந்தனர். தோப்பை இழந்தவன் அழுதுகொண்டு வீட்டுக்குள் இருந்திருந்தால் அவனுக்குத் துணை யார்? குளத்தங்கரைக்கு வந்ததால் அவனைப்போன்ற நூறு பேரைக் கண்டான்.

கென்யா நாட்டு வங்காரி மாத்தாய் அம்மையாரையும் இங்கு நினைக்கின்றேன். 1977-இல் சிற்றூர்ப் பெண்களைக் கூட்டி நாற்று வளர்க்கச் செய்தார். கன்று நட்டதற்குக் காசு தரவில்லை. பிழைத்து நின்ற கன்றுக்குத்தான் சிறு தொகை தந்தார். எவ்வளவு நுண்ணறிவு பாருங்கள்! தலைநகரின் நடுவில் இருந்த பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்ப ஆட்சியாளர் முனைந்தபொழுது, 1989-இல் எதிர்த்து நின்று தடுத்தார். 2004-இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. மரம் நட்டவருக்கு அமைதிப் பரிசு எதற்கு என்று அப்பொழுது சிலர் கேட்டனர். அதற்கு விடை எங்கள் தெருவிலேயே எனக்குக் கிடைத்தது, அதைச் சொல்லுகின்றேன்.

2016 ஐப்பசியில் எங்கள் தெருவினர் ஏழு வீட்டார் சேர்ந்து பதினொரு கன்றுகள் நட்டோம். வேம்பும் புங்கும் பூவரசும். இம்முறை எந்த அலுவலகமும் இல்லை; ஒளிப்படமும் இல்லை. மழை வருமென்று நம்பி நட்டோம். அவ்வாண்டுதான் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. உங்களுக்கு நினைவிருக்கும், நம் நாட்டு வயல்கள் வெடித்துக் கிடந்தன, கருகிய பயிரைக் கண்டு உழவர் பலர் உயிர் துறந்தனர். குடிக்கவே நீரில்லாத கோடையில் கன்றுக்கு எங்கே போவது? அரிசி கழுவிய நீர், காய் அலசிய நீர், துணி அலசிய கடைசி நீர் இவற்றைப் பெண்கள் குடங்களில் சேர்த்துவைத்துக் கொண்டுவந்து ஊற்றினர். எங்கள் தெரு முனையில் நட்ட மூன்று கன்றுகளுக்குப் பின்தெருப் பெண்கள் ஊற்றினர். பின்தெருவில் துப்புரவுப் பணி செய்யும் குடும்பத்தினர் வாழ்கின்றனர். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை, தாமாக ஊற்றினர். பதினொன்றில் ஏழு பிழைத்தன. அந்த ஏழில் மூன்று, முனையில் நிற்பவை.

சுற்றுச்சுவர்த் தகராற்றில் ஒன்பதாண்டு பேசாதிருந்த இரு வீட்டார், ஒரே வேம்புக்கு மாறிமாறி நீரூற்றி, ஒருநாள் ஊற்ற மறந்தது யார் என்று சண்டையிட்டு, அச்சண்டை வழியாகவே பேசத் தொடங்கினர் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். அது சிரிப்புக்குரிய கதை. அடுத்தது சிரிப்புக்குரியதன்று.

2022-இல் முனைமரங்கள் நன்றாய் நிழல் கட்டிவிட்டன. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அங்கே கருங்கல் இருக்கை இரண்டு அமைப்பது என்று முடிவு செய்தோம். கூட்டத்தில், மெத்தப் படித்த பெரியவர் ஒருவர், "இருக்கை போடுவது சரி, சுற்றிலும் கம்பி வேலியும் பூட்டும் போட்டுவிடவேண்டும். இல்லாவிட்டால் கண்டவர்கள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்" என்றார். கண்டவர்கள் என்றால் எவர்கள் என்பது அங்கிருந்த ஒவ்வொருவர்க்கும் தெரியும். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, அவ்வாறு வாயடைத்திருந்ததை எண்ணி இன்றும் வெட்குகின்றேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பின்தெரு அம்மையார் ஒருவர்தாம் வாய்திறந்தார். "நாங்க ஊத்துன தண்ணி எந்தத் தெருத் தண்ணின்னு மரம் கேட்டுச்சுங்களா?" என்றார். அவ்வளவுதான். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. திருமுருகாற்றுப்படைக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையை எடுத்துப் புரட்டினேன். மன்றம் என்னும் சொல்லுக்கு அவர் என்ன பொருள் எழுதினார் என்பது கல்லூரியில் படித்தது; மறந்திருந்தேன். ஊரின் நடுவே அனைவரும் வந்து இருத்தற்குரிய மரத்தடியே மன்றம் என்று அவர் பொருள் விரிக்கின்றார். வழக்குமன்றம், சட்டமன்றம், நற்பணி மன்றம் என்று நாள்தோறும் நாம் வாயில் புழங்கும் சொல் மரத்தடியில் பிறந்தது. அதிலும் அனைவரும் என்கின்றார். நிலம் உடையார் என்றோ, இன்ன தெருவார் என்றோ அவர் பிரிக்கவில்லை. பிரித்தது பின்வந்த நம் வழக்கம். ஊர் வேறு, சேரி வேறு. குளம் வேறு, துறை வேறு என்று பிரித்தோம். 1968-இல் கூலி உயர்வு கேட்ட குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்ட கீழவெண்மணி, அந்நாளில் இத்தஞ்சை மாவட்டத்து ஊர்தான். தமிழரெல்லாம் ஓரினம் என்று மேடையில் முழங்கும் நாம், ஒரு கருங்கல் இருக்கைக்குப் பூட்டுப் போட இசைந்தால், நம் முழக்கத்தைக் காற்றும் மதியாது.

அடுத்த கிழமைக் கூட்டத்தில் அவ்வுரையைப் படித்துக் காட்டினேன். சிலர் தலையசைத்தனர். சிலர் இருக்கைக்குப் போடுவதாகச் சொன்ன பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். வேலி போடவில்லை. இருக்கை இரண்டுக்கு ஒன்றாயிற்று. அப்பெரியவர் இன்றுவரை அங்கு வந்து அமர்ந்ததில்லை. அவர் பேரன் நாள்தோறும் மாலையில் பின்தெருப் பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கின்றான்.

இனி வேலைக்கு வருவோம். நடவேண்டிய மரங்களைப்பற்றிப் பலர் கேட்டிருக்கின்றீர்கள். மின்கம்பிக்குக் கீழே உயர்ந்து வளரும் மரம் வேண்டா. வளர்த்துவிட்டு ஆண்டுதோறும் மின்வாரியத்தார் தலையை வெட்டும்பொழுது புலம்புவதில் பொருளில்லை. அங்கே ஆத்தி, மந்தாரை, கொன்றை ஆகியவை போதும். கம்பியில்லாத பக்கம் வேம்பு, புங்கு, மகிழ், பூவரசு. குளத்தங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் மருதும் நாவலும் இலுப்பையும் நடலாம். ஆலும் அரசும் வீட்டுச் சுவரருகே கூடவே கூடா. அவற்றுக்குத் திடல் வேண்டும். தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் அயல்நாட்டு மரங்கள். விரைந்து வளரும், காற்றடித்தால் விரைந்தே முறியும். இருப்பதை வெட்டச் சொல்லவில்லை. புதிதாக நடுவானேன் என்கின்றேன்.

நம் மனைப்பிரிவுகள் பழைய நெல்வயல்கள். மழையில் சேறாகும், கோடையில் வெடிக்கும் களிமண். ஆகவே மூன்றடிக்கு மூன்றடி குழியெடுத்து, மணலும் தொழுவுரமும் கலந்து நிரப்பவேண்டும். ஐப்பசி மழையில் நீர் தேங்கி வேர் அழுகாதிருக்கக் கன்றைச் சற்றே மேட்டில் வைக்கவேண்டும். வல்லத்துப் பக்கம் செம்மண் மேட்டில் இருப்போர் இதற்கு மாறாகக் குழியைப் பள்ளமாகவே விடுக. கோடைக்கு ஓர் எளிய வழி: அடியில் சிறுதுளையிட்டுத் துணித்திரி செருகிய மண்கலயத்தைக் கன்றருகே புதைத்து வைத்தால், கிழமைக்கு இரண்டு முறை நிரப்பினால் போதும், வேருக்கு நீர் கசிந்துகொண்டே இருக்கும்.

இலைக்குப்பையை யார் பெருக்குவது என்று முன்வரிசையில் உள்ள தாயார் கேட்கின்றார். முறையான வினா. இதனால்தான் மரங்கள் பாதி வெட்டுப்படுகின்றன. பெருக்கும் வேலையைப் பெண்கள் தலையிலேயே கட்டிவிட்டு ஆடவர் நிழலில் அமர்ந்து நாளிதழ் படிப்பதாயின் இத்திட்டம் ஓராண்டும் நிலைக்காது. எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் ஆடவர் பெருக்குகின்றோம். சருகைத் தெருமுனைக் குழியிலிட்டு மட்கவைத்து அம்மரங்களுக்கே இடுகின்றோம். முதல் திங்களில் நானும் துடைப்பம் பிடிக்கத் தெரியாமல் பிடித்தேன். இப்பொழுது ஓரளவு வருகின்றது.

உங்கள் நான்கு தெருக்களிலும் இளைஞர்கள் இருபத்தாறு இடங்களைச் சுண்ணாம்பால் குறித்திருக்கின்றனர். ஐப்பசி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடப்பாரை, மண்வெட்டியோடு வருக. ஒவ்வொரு கன்றுக்கும் அடுத்தடுத்த இரு வீட்டார் அல்லாமல், எதிரெதிர்த் தெருவினர் இருவர் பெயராக எழுதும்படி சொல்லியிருக்கின்றேன். ஆத்தி விதையும் ஒருவாறு தேடிப் பிடித்துவிட்டோம். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வளர்த்த கன்றுகள் ஒன்பது முழங்காலளவு நிற்கின்றன. அவை வேண்டுவோர், வாயிலில் உள்ள குறிப்பேட்டில் தம் பெயரையும், நீரூற்றும் கிழமையையும், உடன் ஊற்றப்போகும் மற்றத் தெருவினர் பெயரையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.